பூ ஒன்றுபோல இருக்கிறதா? செடியைத் திருப்பிப் பாருங்கள்

ஐப்பசி மழை இரண்டு முறை நன்றாகப் பெய்து, அப்புறம் பத்து நாள் வெயில் அடித்தால் போதும். கண்மாய்க்கரை, தண்டவாள ஓரம், யாரோ வாங்கிப் போட்டுவிட்டு மறந்த காலி மனை என்று எங்கே பார்த்தாலும் ஏதோ ஒன்று பூத்துக் கிடக்கும். தை பிறக்கும்வரை இந்தக் கூத்துதான். இந்தச் சமயத்தில் எனக்குப் படங்கள் குவியும்: "இது என்ன செடி?" பெரும்பாலான படங்களில் பூ மட்டும்தான் இருக்கும். பெரிதாக, அழகாக, நேர் மேலிருந்து எடுத்த பூ. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. நம் ஊர் வழியோரச் செடிகளில் ஒன்றையொன்று ஒத்தவற்றைப் பிரித்துக் காட்டும் அடையாளம் பூவின் முகத்தில் அவ்வளவாக இருப்பதில்லை. அதன் முதுகில், காம்பில், காயில், இலையடியில் எங்காவது இருக்கும்.

கீழே இருப்பவை நான் அடிக்கடி கேட்கும் குழப்பங்கள். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் குழப்பம் எதுவோ அங்கே போங்கள்.

எந்தக் குழப்பமானாலும், முதல் அரை நிமிடம்

உட்காருங்கள். நின்றபடி பார்த்தால் எல்லாச் செடியும் பச்சைதான். இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே நிற்கின்றனவா, ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறி நிற்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பாதிக் குழப்பம் இந்த ஒரு கேள்வியிலேயே தீர்ந்துவிடும். பிறகு ஒரு காம்பைக் கிள்ளுங்கள். பால் வருகிறதா? இலையைக் கசக்கி முகருங்கள். நாக்கில் வைக்க வேண்டாம். கடைசியாகக் கிளையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள், முற்றிய காய் ஒன்றாவது கிடைக்கிறதா என்று தேடுங்கள். இன்று காலை பூத்ததைவிடப் போன வாரம் பூத்து முடிந்ததிடம் கேட்க வேண்டியது அதிகம்.

படம் எடுப்பதானால் நான்கு: முழுச் செடி, இலை தண்டில் சேரும் இடம், பூவின் பின்பக்கம், காய். பூவின் முகம் ஐந்தாவதாக, ஆசைக்கு.

"கீழாநெல்லிதான் என்று நினைக்கிறேன், ஆனால்…"

எனக்கு வரும் கேள்விகளில் முதல் இடம் இதற்குத்தான். மஞ்சள் காமாலை என்றதும் யாராவது ஒருவர் இந்தச் செடியைத் தேடிக் கிளம்பிவிடுகிறார். (காமாலை என்றால் முதலில் மருத்துவரிடம் போங்கள். இது செடியின் பெயர் கண்டுபிடிக்க மட்டும்.)

தண்டைக் கிள்ளுங்கள். வெள்ளைப் பால் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அது அம்மான் பச்சரிசியின் உறவுக்காரச் செடிகளில் ஒன்று. சிறிய இலை, மெல்லிய தண்டு, தொங்கும் குட்டிக் காய் என்று எல்லாம் சேர்ந்து ஏமாற்றும். கீழாநெல்லிக் கூட்டத்தில் பால் கிடையாது.

பால் இல்லையென்றால் நடுத்தண்டைப் பாருங்கள். கீழாநெல்லியில் நடுத்தண்டில் இலையே இருக்காது. கணுவில் சின்னச் செதில் மட்டும் இருக்கும். இலையெல்லாம் பக்கவாட்டில் கிளம்பும் குச்சிகளில்தான். ஒரு குச்சியைத் தனியாகப் பார்த்தால் புளிய இலை மாதிரியே இருக்கும், இருபுறமும் சிற்றிலை அடுக்கியதுபோல. ஆனால் புளிய இலையைத் திருப்பினால் அடியில் காய் தொங்குமா? இங்கே ஒவ்வொரு குட்டி இலையின் அடியிலும் ஒரு பூவோ காயோ தொங்குகிறது. அப்படியென்றால் நாம் இலை என்று நினைத்தது கிளை. சிற்றிலை என்று நினைத்ததுதான் இலை. இதை ஒருமுறை கையில் வைத்துப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

நடுத்தண்டிலும் இலை இருக்கிறதா? இலை அடியில் குறுகி ஆப்பு மாதிரி இருக்கிறதா? அது மேலாநெல்லி, தாவரவியல் பெயர் பில்லாந்தஸ் மதராஸ்படென்சிஸ். பெயரிலேயே மதராஸ் இருக்கிறது.

அடுத்தது காய். குச்சியைத் திருப்புங்கள். காய் வழவழப்பாக, மெல்லிய காம்பில் தொங்கினால் பில்லாந்தஸ் அமாரஸ். நாட்டு வைத்தியர்கள் கீழாநெல்லி என்று கொடுப்பது பெரும்பாலும் இதைத்தான். காய்க்குக் காம்பே இல்லாமல் குச்சியோடு ஒட்டி, தொட்டால் சொரசொரப்பாக இருந்து, தண்டும் சிவந்திருந்தால் அது சிவப்புக் கீழாநெல்லி, பில்லாந்தஸ் யூரினேரியா. தண்டு சிவப்பு என்பதை மட்டும் நம்பாதீர்கள். வெயிலில் நின்ற செடி எதுவும் கொஞ்சம் சிவக்கும். காம்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதோடு நிறுத்தினாலும் தவறில்லை. இன்னும் போக வேண்டுமானால் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் வேண்டும். காயின் அடியில் பூவின் இதழ்போன்ற பகுதிகள் உதிராமல் தட்டுபோல விரிந்திருக்கும். எண்ணுங்கள். ஐந்து என்றால் அமாரஸ். ஆறு என்றால் அதே பில்லாந்தஸ் கூட்டத்தின் ஃப்ரெடெர்னஸோ டெபிலிஸோ. நல்ல முற்றிய காயாகப் பார்த்து, ஒன்றுக்கு மூன்றாக எண்ணுவது நல்லது. நான் இரண்டு முறை அவசரத்தில் ஐந்தை ஆறாக எண்ணியிருக்கிறேன்.

பழைய புத்தகங்களிலும் மருந்துப் பொட்டலங்களிலும் "பில்லாந்தஸ் நிருரி" என்று இருந்தால் குழம்ப வேண்டாம். உண்மையான நிருரி அமெரிக்கச் செடி. நம் நாட்டுத் தாவர நூல்களில் அந்தப் பெயரில் இருந்தது அமாரஸ், ஃப்ரெடெர்னஸ், டெபிலிஸ் மூன்றும் கலந்த ஒரு மூட்டை. 1980-களில்தான் தாவரவியலாளர்கள் அதைப் பிரித்துக் காட்டினார்கள். இது வெறும் பெயர்ச் சண்டையில்லை. 1988-ல் தியாகராஜன் குழுவினர் சென்னையில் ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து லான்செட் மருத்துவ இதழில் எழுதியது அமாரஸ் பற்றி. பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் அதேபோல் கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்பதற்கே, யார் எந்தச் செடியைக் கொடுத்தார்கள் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

"வெள்ளைப் பூ, நடுவில் பொட்டு: கரிசலாங்கண்ணியா?"

பூ ஒரு சாண் நீளக் காம்பின் நுனியில் தனியாகத் தலை நீட்டி நிற்கிறதா? அப்படியானால் இல்லை. அது வெட்டுக்காயப் பூண்டு, ட்ரைடாக்ஸ். சின்ன வயதில் கட்டைவிரலால் தலையைச் சுண்டிவிட்டு விளையாடினோமே, அந்தத் தாத்தாப்பூ. ஓரத்து இதழ்கள் ஐந்தாறுதான் இருக்கும், ஒவ்வொன்றின் நுனியும் மூன்று பல்லாக வெட்டியிருக்கும், நடு மஞ்சள். முற்றினால் விதைக்குப் பஞ்சுக் குடை முளைத்துக் காற்றில் போகும். காய்ந்த மேட்டு நிலத்திலும் சுவர் இடுக்கிலும் வரும்.

கரிசலாங்கண்ணிக்கு ஈரம் வேண்டும். வயல் வரப்பு, வாய்க்கால் ஓரம், குழாயடி. பூ சிறியது, காம்பு குட்டை, ஓரத்து இதழ்கள் நூல்போல மெலிந்து எண்ண முடியாத அளவுக்கு நெருக்கமாக இருக்கும். நடுவும் வெள்ளைதான். பூ உதிர்ந்தபின் பச்சைக் கிண்ணத்தில் விதைகளை அடுக்கி வைத்ததுபோல இருக்கும். பஞ்சு கிடையாது.

இவ்வளவு பார்த்தும் சந்தேகமா? இரண்டு இலையைக் கசக்கிச் சாற்றை வெள்ளைத் தாளில் தேய்த்து வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். கொஞ்ச நேரத்தில் பச்சை கறுத்துவிட்டால் கரிசலாங்கண்ணி. விரலிலும் கறை ஏறும்; அலுவலகத்துக்குப் போகிற வழியில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

"மஞ்சள் கரிசலாங்கண்ணி பூங்காவில் பாய் விரித்ததுபோலக் கிடக்கிறது"

கிடக்காது. இந்தத் தவறை நானே செய்தேன். அத்தை எண்ணெய் காய்ச்ச மஞ்சள் கரிசாலை கேட்டார். நடைப்பயிற்சி போன இடத்தில் மஞ்சள் பூவோடு ஒரு கொடி மண்ணே தெரியாமல் படர்ந்திருந்தது. ஒரு பை நிறையப் பறித்துக்கொண்டு போனேன். அத்தை ஓர் இலையை எடுத்து விரித்துப் பார்த்தார். "ஏ மருமகனே, இலைய நகத்தால கிழிச்ச மாதிரி மூணா இருக்கே. நம்ம வாய்க்கா கரையில இருந்தது இப்படியா இருந்துச்சு?"

அவ்வளவுதான் விஷயம். அழகுக்காக வைக்கும் அந்தக் கொடி ஸ்பாக்னெடிகோலா ட்ரைலோபேட்டா. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் இருப்பது. இலை தடித்து, மினுமினுப்பாக, இருபக்கமும் ஒவ்வொரு மடல் பிரிந்து மூன்றாகத் தெரியும். நம் மஞ்சள் கரிசலாங்கண்ணி, ஸ்பாக்னெடிகோலா கேலண்டுலேசியா, இலை நீண்டு குறுகி, மடல் இல்லாமல், தடவினால் சொரசொரப்பாக இருக்கும். பூவை வைத்துப் பிரிக்க முயல வேண்டாம், இரண்டும் அக்கா தங்கை. ஓர் இலையை மட்டும் பார்த்தும் முடிவு செய்யாதீர்கள்: பூங்காக் கொடியின் சில இலைகளில் மடல் சரியாக விழாது. ஒரு கொடியில் பத்து இலை பாருங்கள்.

"மஞ்சள் பூ, துத்தி மாதிரி, ஆனால் பூவையே பார்க்க முடியவில்லை"

எத்தனை மணிக்குப் போனீர்கள்? துத்தி மாலையில்தான் விரியும். காலை நடையில் போகிறவர் வருடக்கணக்கில் அதன் மொட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். அதே குடும்பத்து அரிவாள்மனைப் பூண்டு அதற்கு நேர்மாறு: காலையில் விரிந்து உச்சிக்குள் மூடிவிடும். ஆக, காலையில் மஞ்சளாக விரிந்து நிற்பதைத் துத்தி என்றால் முதலிலேயே சந்தேகப்படுங்கள்.

பூ இல்லாவிட்டாலும் காய் காட்டிக்கொடுக்கும். துத்திக் காய் பல் வைத்த சக்கரம் மாதிரி. பதினைந்து இருபது பல் இருக்கும். மையில் தோய்த்து நோட்டுப் புத்தகத்தில் முத்திரை குத்தலாம். காயைச் சுற்றியிருக்கும் பச்சைப் புல்லியைவிடச் சக்கரம் பெரிதாகத் தெரியும். நிலத்துத்தி, அதாவது சைடா கார்டிஃபோலியா, இலையில் துத்தியை அப்படியே உரித்து வைத்ததுபோல இருக்கும், அதே இதய வடிவம், அதே வெல்வெட்டு. ஆனால் காய் சின்னது, புல்லிக்குள் ஒளிந்துகொண்டு, ஒவ்வொரு துண்டும் இரண்டு முள் நீட்டிக்கொண்டிருக்கும்.

இலை நீண்டு, ஓரம் அரிவாள் பல்லாக இருந்தால் அரிவாள்மனைப் பூண்டு, சைடா அக்யூட்டா. அதன் கூடவே சைடா ராம்பிஃபோலியாவும் நிற்கும். பூக்காம்பைப் பாருங்கள்: அக்யூட்டாவில் குட்டை, பூ இலைக்காம்போடு ஒட்டி உட்கார்ந்ததுபோல இருக்கும். ராம்பிஃபோலியாவில் காம்பு நீண்டு பூவை வெளியே தள்ளியிருக்கும். இலையின் அடிப்பக்கம் வெளுத்து, அடிப் பகுதி ஓரத்தில் பல் இருக்காது. கைலென்ஸ் இருந்தால் அக்யூட்டாவின் இலைக்காம்படியில் இருக்கும் இரண்டு குட்டிச் செதில்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று பட்டையாக, மற்றது நூலாக, சோடி சேராமல் இருக்கும். எனக்கு இந்தக் குடும்பத்தில் மிகப் பிடித்த அடையாளம் இதுதான்.

பிடுங்கிப் பார்க்க ஆசைப்படாதீர்கள். வேர் வராது, உங்கள் உள்ளங்கைத் தோல்தான் வரும்.

"நெருஞ்சி என்றார்கள், யானை நெருஞ்சி என்றும் சொல்கிறார்கள்"

இரண்டும் உறவே இல்லை. தரையோடு படர்ந்து, சிற்றிலைகள் அடுக்கிய கூட்டிலையும் ஐந்து தனி இதழும் இருந்தால் நெருஞ்சி. நிமிர்ந்து, சதைப்பற்றான தனி இலையும் குழல்போன்ற மஞ்சள் பூவும் நான்கு மூலைக் காயும் இருந்தால் யானை நெருஞ்சி. இன்னும் சந்தேகமா? கிளையை ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டுக் கலக்குங்கள். தண்ணீர் வெண்டைக்காய்ச் சாறுபோலக் கெட்டியானால் அது யானை.

"காப்புக் கட்டப் பூளைப்பூ பறித்தேன், ஏதோ சரியில்லை"

போகியன்று கொங்குப் பக்கம் வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்துக் கட்டும் பூளைப்பூ என்பது சிறுபீளை, ஏர்வா லனேட்டா. நகரத்தில் பிறந்த பிள்ளைகள் அவசரத்துக்குச் சாலையோரத்தில் வெள்ளைத் தலையோடு நிற்கும் இன்னொன்றைப் பறித்து வருவார்கள். அது பெரும்பாலும் காம்ஃப்ரீனா, வாடாமல்லியின் வெள்ளைத் தம்பி, தென் அமெரிக்காக்காரன்.

இலையைப் பாருங்கள், முடிந்தது. சிறுபீளையில் மாறி மாறி, காம்ஃப்ரீனாவில் எதிரெதிரே. பூவும் வேறு: பீளையில் தண்டு நெடுக ஒவ்வோர் இலையடியிலும் குட்டிக் குட்டியாகப் பஞ்சு உட்கார்ந்திருக்கும், இலையின் அடியும் நரைத்திருக்கும். காம்ஃப்ரீனாவில் நுனியில் மட்டும் ஒரே கொண்டை.

"குளத்தோரம் பொன்னாங்கண்ணி, கீரைக்குப் பறிக்கலாமா?"

வெள்ளைப் பூக்கொத்துக்குக் காம்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பொன்னாங்கண்ணியில் காம்பு கிடையாது, இலையடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். விரல் நீளக் காம்பில் வெள்ளைப் பொத்தான் மாதிரி உயர்ந்து நின்றால் அது ஆல்டர்னாந்தெரா ஃபிலாக்சிராய்ட்ஸ், நீர்நிலைகளை மெத்தைபோல மூடும் தென் அமெரிக்கக் களை. கொத்தைத் தொட்டதும் குத்தினால் அது ஆல்டர்னாந்தெரா பங்ஜென்ஸ், தரையோடு கிடக்கும் முள் சாதி. பூ இல்லாத பருவத்தில் எனக்குத் தெரிந்து பறிக்காமல் வருவதுதான் வழி. சாக்கடைத் தண்ணீர் கலக்கும் குளமென்றால் எது என்றாலும் பறிக்க வேண்டாம்.

"பூ முடிந்துவிட்டது, கடுகுக் காய் மாதிரி நீளக் காய் மட்டும் இருக்கிறது"

வேளை வகை. பூ இருந்தால் வேலை சுலபம்: மஞ்சள் நாய்வேளை, வெள்ளை தைவேளை. பூ இல்லையென்றால் பலரும் பிசுபிசுப்பைத் தொட்டுப் பார்த்து நாய்வேளை என்று சொல்லிவிடுவார்கள். தைவேளையும் பிசுபிசுக்கும், அது அடையாளமே இல்லை. காயின் காம்பை ஒளிக்கு எதிரே பிடியுங்கள். தைவேளையில் காம்பு நீளமாக இருக்கும், வழியில் மெல்லிய கணுபோலத் தழும்புகள் தெரியும்: ஒன்று இதழ்கள் இருந்த இடம், அதற்கு மேலே இன்னொன்று மகரந்தத் தாள்கள் இருந்த இடம். பூ முழுவதையும் ஒரே கம்பியில் அடுக்குமாடியாகக் கோத்ததுபோல. நாய்வேளையில் பூக்காம்பு முடிந்ததும் நேரே காய் தொடங்கிவிடும்.

"பூவும் இல்லை, காயும் இல்லை"

இரண்டை மட்டும் பூ இல்லாமலே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இலை நுனி நீண்டு, கம்பிச்சுருள்போலச் சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்திருந்தால் செங்காந்தள். அதன் கிழங்குக்குக் கலப்பைக் கிழங்கு, கண்வலிக் கிழங்கு என்றெல்லாம் பெயர். கோல்கிசின் என்ற கொடிய நஞ்சு உண்டு. தரையில் வட்டமாக, கேரட் இலை மாதிரி வெட்டு வெட்டாகப் படிந்திருக்கும் இளஞ்செடி பார்த்தீனியமாக இருக்கலாம், கையால் தொடாதீர்கள், சிலருக்குத் தோல் பழுத்துவிடும்.

மற்றவற்றுக்கு ஒரு நூலைக் கட்டிவிட்டு வந்துவிடுங்கள். இரண்டு வாரம் கழித்துப் போனால் அதுவே சொல்லும்.

"ஆப் ஒரு பெயர் சொல்கிறது, பாட்டி வேறு பெயர் சொல்கிறார்"

பல நேரம் இருவரும் சரி. ட்ரைடாக்ஸும் சைடா அக்யூட்டாவும் இரண்டுமே வெட்டுக்காயத்துக்கு வைக்கும் பச்சிலை. அதனால் வெட்டுக்காயப் பூண்டு, அரிவாள்மனைப் பூண்டு என்ற பெயர்கள் ஊருக்கு ஊர் இடம் மாறும். பாட்டியிடம் பெயரைக் கேட்பதோடு, "எதுக்கு வைப்பீங்க, எங்க மொளைக்கும்?" என்றும் கேளுங்கள். ஆப்பிடம் பூவின் முகத்தை மட்டும் காட்டாமல் காயையும் காட்டுங்கள். கூகுள் லென்ஸானாலும் ஐநேச்சுரலிஸ்டானாலும் பூங்காக் கொடியை மஞ்சள் கரிசாலை என்று சொன்னால், நாம் காட்டிய படத்தில் இலை இருந்ததா என்று பார்ப்பது நல்லது. பேரினம்வரை மட்டும் தெரிந்தால் அதுவரை எழுதி வையுங்கள். "ஏதோ ஒரு சைடா" என்பதும் பெயர்தான்.

எங்கள் தெருமுனையில் ஒரு கீழாநெல்லி வகை இருக்கிறது. பால் இல்லை, நடுத்தண்டில் இலை இல்லை, காய்க்குக் காம்பு உண்டு, அடியில் ஆறு. ஃப்ரெடெர்னஸா டெபிலிஸா என்று பார்க்க விதை முற்ற வேண்டும் என்று போன ஞாயிறு நூல் கட்டிவிட்டு வந்தேன். நேற்று போய்ப் பார்த்தால் அங்கே அதே மாதிரி நாற்பது செடி நிற்கிறது, எதில் கட்டினேன் என்று தெரியவில்லை. பச்சை நூல். அடுத்த முறை சிவப்பு.